நீரைத் தாங்கும் காற்று



இந்த மேசையின் மேல் ஒரு கண்ணாடித் தகடு இருக்கிறது. கூட்டம் தொடங்குவதற்கு முன் இதன் ஒரு பாதியை மெழுகுவத்திச் சுடரில் காட்டிக் கரி படிய வைத்தேன். முதலில் கரி படியாத பாதியில் ஒரு சொட்டு நீர் விடுகிறேன். பரவி ஒட்டிக்கொண்டுவிட்டது. தகட்டைச் சாய்த்தாலும் இறங்க மறுக்கிறது. இப்போது கரிப் பாதியில் ஒரு சொட்டு. முன்வரிசையில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்: உருண்டையாக நிற்கிறது. தகட்டை இம்மி சாய்த்ததும் ஓடி விழுந்துவிட்டது. அது நின்ற இடத்தில் ஈரமே இல்லை. ஓடிய வழியில் கொஞ்சம் கரியை மட்டும் அள்ளிக்கொண்டு போயிருக்கிறது.

கரிக்கு நீரைப் பிடிக்காது என்று சொல்லி இதைக் கடந்துவிடலாம். ஆனால் அந்த விடை போதாது. மெழுகுவத்திக் கரியை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், 30 முதல் 40 நானோமீட்டர் விட்டமுள்ள கரிமணிகள் சரம் சரமாகக் கோத்துத் தளர்ந்த வலைபோலக் கிடப்பது தெரியும். அந்த வலையில் கரி குறைவு, இடைவெளி அதிகம். இடைவெளி முழுக்கக் காற்று. சற்றுமுன் நாம் பார்த்த சொட்டு, தன் அடிப்பாகத்தில் மிகச் சிறு பங்கால் மட்டுமே கரியைத் தொட்டது. மீதி எல்லாம் காற்றின் மேல் நின்றது.

இன்றைய என் பேச்சின் சாரம் இவ்வளவுதான். நீர் ஒட்டாத பரப்பு என்பது காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரிந்த பரப்பு. காற்று உள்ளே இருக்கும்வரை சொட்டு உருளும், துள்ளும், அழுக்கை அள்ளும். காற்று வெளியேறிய கணத்தில் அதே பரப்பு சொட்டை முன்னைவிட இறுகப் பிடித்துக்கொள்ளும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால், தாமரை இலையும் நெற்பயிரும், வாத்திறகும் மழைச்சட்டையும் ஒரே கேள்விக்கான வெவ்வேறு விடைகளாகத் தெரியத் தொடங்கும்.

அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன். நீரின் உள்ளே இருக்கும் ஒரு மூலக்கூறை அண்டை மூலக்கூறுகள் எல்லாத் திசைகளிலும் இழுக்கின்றன. பரப்பில் இருக்கும் மூலக்கூறுக்கு மேல்பக்கத்தில் அப்படி அண்டையார் இல்லை. ஆகவே பரப்பை விரிப்பதற்கு ஆற்றல் செலவாகிறது. 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு சதுர மீட்டர் புதிய நீர்ப்பரப்பை உண்டாக்கச் சுமார் 0.073 ஜூல் வேண்டும். இதைத்தான் பரப்பு இழுவிசை என்று பள்ளியில் படித்தோம். செலவைக் குறைக்க நீர் தன் பரப்பைச் சுருக்கிக்கொள்கிறது. மிகக் குறைந்த பரப்புள்ள வடிவம் கோளம். சொட்டு சில மில்லிமீட்டருக்கு மேல் பெரிதானால் புவியீர்ப்பு வென்று அதைத் தட்டையாக்கிவிடும். அதற்குக் கீழே பரப்பு இழுவிசையின் ஆட்சிதான்.

சொட்டு ஒரு திடப்பொருளின் மேல் அமரும்போது அதன் விளிம்பில் மூன்று பொருள்கள் சந்திக்கின்றன: திடம், திரவம், காற்று. அந்த விளிம்பில் திரவத்தின் வழியாக அளக்கும் கோணம் தொடுகோணம். 1805இல் ஆங்கிலேய மருத்துவரும் இயற்பியலாளருமான தாமஸ் யங், இந்தக் கோணத்தை மூன்று பரப்புகளின் இழுவிசைகளும் சேர்ந்து தீர்மானிக்கின்றன என்று விளக்கினார். சுத்தமான கண்ணாடியில் கோணம் கிட்டத்தட்டச் சுழியம். நீர் படலமாகப் பரவும். கோணம் 90 பாகையைத் தாண்டினால் அந்தப் பொருள் நீரை விலக்குகிறது என்கிறோம். 150 பாகையைத் தாண்டிவிட்டால் மீநீர்விலக்கம். தாமரை இலையில் கோணம் ஏறத்தாழ 160 பாகை.

இங்கே ஒரு முக்கியமான தடை குறுக்கே வருகிறது. வேதியியலை மட்டும் நம்பி இந்தக் கோணத்தை எவ்வளவு உயர்த்த முடியும்? நமக்குத் தெரிந்த பொருள்களில் நீரோடு மிகக் குறைவாக உறவாடுபவை ஃபுளூரின் சேர்ந்த கரிமச் சேர்மங்கள். டெஃப்லான் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஃபுளூரின் அணுக்களை மிக நெருக்கமாக அடுக்கிய வழவழப்பான பரப்பில்கூடத் தொடுகோணம் சுமார் 120 பாகையோடு நின்றுவிடுகிறது. தாமரை இலையின் மேல் இருப்பதோ சாதாரணத் தாவர மெழுகு. வழவழப்பான மெழுகில் நீரின் கோணம் 110 பாகைக்கு அருகில்தான் இருக்கும். வேதியியலில் டெஃப்லானைவிடப் பின்தங்கிய ஒரு மெழுகு, 160 பாகையை எப்படி எட்டுகிறது? விடை பரப்பின் வடிவத்தில் இருக்கிறது.

வடிவத்தின் பங்கை முதலில் கணக்கிட்டவர் ராபர்ட் வென்செல் என்ற அமெரிக்கர், ஆண்டு 1936. சொரசொரப்பான பரப்பில் உண்மையான பரப்பளவு கண்ணுக்குத் தெரிவதைவிட அதிகம். ஆகவே நீரை விரும்பும் பொருள் சொரசொரப்பானால் இன்னும் அதிகமாக நனையும். நீரை விலக்கும் பொருள் சொரசொரப்பானால் இன்னும் அதிகமாக விலக்கும். நீர் எல்லாப் பள்ளங்களிலும் இறங்கி நிறைந்திருக்கிறது என்பது அவர் கணக்கின் அடிப்படை.

எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1944இல், கேசி, பாக்ஸ்டர் என்ற இருவர் வேறொரு நிலையை எடுத்துக்கொண்டார்கள். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கம்பளித் தொழிலுக்கான ஆய்வில் இருந்தவர்கள் அவர்கள். துணியில் இழைக்கும் இழைக்கும் நடுவே காற்று இருக்கிறது. நீர் அந்த இடைவெளியில் இறங்காமல் இழைகளின் தலைகளில் மட்டும் தங்கினால் என்ன ஆகும்? அப்போது சொட்டின் அடியில் இரண்டு பொருள்கள் கலந்திருக்கின்றன: கொஞ்சம் இழை, நிறையக் காற்று. நீரோடு எந்த ஒட்டுறவும் இல்லாத பொருள் காற்று. அதன்மேல் நீரின் தொடுகோணம் 180 பாகை என்றே எடுத்துக்கொள்ளலாம். இரண்டின் சராசரிதான் நாம் காணும் கோணம். வாத்திறகின் நீர்விலக்கத்துக்கும் இறகிழைகளின் அமைப்பே காரணம் என்று அவர்கள் எடுத்துக்காட்டினார்கள்.

இதை ஒரு சின்னக் கணக்கில் பாருங்கள். மெழுகின் கோணம் 110 பாகை. சொட்டின் அடியில் பத்தில் ஒரு பங்குதான் மெழுகு, ஒன்பது பங்கு காற்று என்று வைத்துக்கொள்வோம். கேசி–பாக்ஸ்டர் சமன்பாட்டில் போட்டால் 159 பாகை வருகிறது. மெழுகின் பங்கை இருபதில் ஒன்றாகக் குறைத்தால் 165 பாகை. வேதியியல் மாறவே இல்லை. காற்றின் பங்கு மட்டும் கூடியது. ஆணிப் படுக்கையில் படுத்திருப்பவரை ஆணி குத்தாததுபோல, சொட்டின் எடை பல்லாயிரம் நுண்முனைகளில் பிரிந்து தங்குகிறது. முனைகளுக்கு நடுவே நீரின் பரப்பு, விறைத்த தோலாகக் காற்றின் மேல் நீண்டு நிற்கிறது.

ஆக, ஒரே பரப்பில் ஒரே சொட்டுக்கு இரண்டு வாழ்க்கைகள் சாத்தியம். முனைகளின் மேல் மிதக்கும் கேசி நிலை, பள்ளங்களில் இறங்கிவிட்ட வென்செல் நிலை. இரண்டிலும் கோணம் பெரிதாக இருக்கலாம். ஆனால் நடத்தை நேர்மாறு. கேசி நிலைச் சொட்டு சிறு சாய்வில் ஓடும். வென்செல் நிலைச் சொட்டுக்குப் பள்ளங்களில் பிடிப்பு இருப்பதால் தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழாது. சில ரோஜா இதழ்களில் இத்தகைய பிடிப்பைக் காணலாம்: சொட்டு உருண்டையாகவும் இருக்கும், கவிழ்த்தால் விழாமல் தொங்கவும் செய்யும். சீன ஆய்வாளர்கள் 2008இல் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். இதழின் நுண்மேடுகளுக்கு இடையே உள்ள பெரிய பள்ளங்களில் நீர் இறங்கிவிடுகிறது. சிறிய மடிப்புகளில் மட்டும் காற்று தங்குகிறது. எனவே ஒரு பரப்பை மதிப்பிடும்போது கோணத்தை மட்டும் அளந்தால் போதாது. எத்தனை பாகை சாய்த்தால் சொட்டு புறப்படுகிறது என்பதையும் கேட்க வேண்டும்.

இப்போது தாமரை இலைக்கு வருகிறேன். தாமரை இலையில் நீர் ஒட்டாது என்பது நம் வழக்கில் பழமொழியாகவே இருக்கிறது. ஏன் ஒட்டாது என்பதற்கான அறிவியல் விடை இருபதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் முழு உருப்பெற்றது. ஜெர்மன் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்ட்லாட் 1970களில் தாவர வகைப்பாட்டுக்காக ஆயிரக்கணக்கான இலைப்பரப்புகளை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். வழவழப்பான இலைகளைப் பார்ப்பதற்கு முன் கழுவியாக வேண்டியிருந்தது. நுண்ணிய மெழுகு மூடிய சொரசொரப்பான இலைகளோ கழுவாமலே தூய்மையாக இருந்தன. நாம் எதிர்பார்ப்பதற்கு இது நேர்மாறு. சொரசொரப்பான இடத்தில்தான் தூசி தங்கும் என்று நினைப்போம். அந்த முரணை அவர் விடவில்லை. 1997இல் கிறிஸ்டோஃப் நைன்ஹூய்ஸுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறைக்கே திருப்பமானது. தாமரையோடு, நம் வீட்டுக் கொல்லையில் வளரும் சேம்பும், கறிக்கு வாங்கும் முட்டைக்கோஸும் அதில் இடம்பெற்றன.

தாமரை இலையின் மேல்பரப்பில் ஒவ்வொரு செல்லும் ஒரு சிறு மேடாக எழும்பி நிற்கிறது; மேட்டின் அகலம் சுமார் 10 மைக்ரோமீட்டர். அந்த மேட்டையும் பள்ளத்தையும் மூடி, சுமார் 100 நானோமீட்டர் தடிமனுள்ள மெழுகுக் குழல்கள் அடர்ந்திருக்கின்றன. மேட்டின் மேல் மேடு, இரண்டு அடுக்கு. இலைமேல் விழும் தூசியும் குழல்களின் முனைகளை மட்டும் தொட்டுக்கொண்டு தளர்வாகக் கிடக்கிறது. உருண்டு வரும் சொட்டு அதைத் தொட்டதும், இலையைவிட நீரோடு இறுக ஒட்டிக்கொண்டு தூசி போய்விடுகிறது. என் கண்ணாடித் தகட்டிலிருந்து கரி போனதும் இதே வழியில்தான்.

தாமரைக்கு இது ஏன் தேவைப்பட்டது? பெரும்பாலான நிலத்தாவரங்களில் இலைத்துளைகள் இலையின் அடிப்பக்கத்தில் மிகுந்திருக்கும். நீரில் மிதக்கும் இலைக்கு அடிப்பக்கம் நீரோடு ஒட்டியிருப்பதால் அது இயலாது. தாமரைக்குத் துளைகள் மேல்பக்கத்தில் இருக்கின்றன. மழை நீர் அங்கே படலமாகப் படிந்தால் துளைகள் மூடிக்கொள்ளும். நீரில் வாயுக்கள் ஊடுருவும் வேகம் காற்றில் உள்ளதைவிடப் பத்தாயிரம் மடங்கு குறைவு. இலையின் மூச்சு திணறும். தூய்மை என்று நாம் போற்றும் அந்தக் குணத்துக்குள்ளே ஒரு மூச்சுப் பிரச்சினை இருக்கிறது. இந்தக் காற்றுப் படலம் நீரைத் தாங்குவதோடு உயிரையும் தாங்குகிறது.

இரண்டு அடுக்கு எதற்கு என்ற கேள்வி இருக்கிறது. ஓர் அடுக்கு போதாதா? மெல்ல வைத்த சொட்டுக்குப் போதும். மழைக்குப் போதாது. 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள மழைத்துளி நொடிக்குச் சுமார் 6.5 மீட்டர் வேகத்தில் தரையை அடைகிறது. மோதும்போது அது தரும் அழுத்தம் ஏறத்தாழ 2 மீட்டர் உயர நீர்த்தூணின் அழுத்தத்துக்குச் சமம். எதிரே, 10 மைக்ரோமீட்டர் அகலமுள்ள மெழுகுத் துளையில் காற்று எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் என்று கணக்கிட்டால், சுமார் ஒரு மீட்டர் நீர்த்தூண் அளவுதான் வருகிறது. மழை வெல்லும், நீர் உள்ளே இறங்கும். ஆனால் இடைவெளி நூறில் ஒரு பங்காகச் சுருங்கினால் தாங்கும் அழுத்தம் நூறு மடங்காகிறது. 100 நானோமீட்டர் இடைவெளி சுமார் 100 மீட்டர் நீர்த்தூணைத் தாங்கும். பெரிய மேடுகள் சொட்டு தொடும் இடத்தைக் குறைக்கின்றன. சிறிய குழல்கள் காற்றைக் கோட்டைவிடாமல் காக்கின்றன. இரண்டும் சேர்ந்தால்தான் கொட்டும் மழையில் இலை உலர்ந்திருக்கும்.

அப்படிப்பட்ட இலைமேல் விழும் துளி துள்ளுகிறது. விழுந்த வேகத்தில் அப்பமாகத் தட்டையாகிறது, பரப்பு இழுவிசை அதைத் திரும்பச் சுருக்குகிறது, சுருங்கிய வேகத்தில் மேலே எழும்புகிறது. பிரான்சில் ரிச்சர், கிளனே, கெரே மூவரும் 2002இல் இதை அதிவேகப் படக்கருவியில் பதிவுசெய்து அளந்தார்கள். வேகமாக விழுந்தாலும் மெல்ல விழுந்தாலும் துளி பரப்பைத் தொட்டிருக்கும் நேரம் மாறவில்லை. துளியின் அளவு மட்டுமே அதைத் தீர்மானித்தது. ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள துளிக்கு நூறில் ஒரு நொடி.

அந்த நூறில் ஒரு நொடியைக் குறைக்க முடியுமா? உறைகுளிரில் விமான இறக்கையிலும் காற்றாலை இறகிலும் விழும் துளி, எழும்புவதற்குள் உறைந்துவிட்டால் பனிக்கட்டி படியும். ஆகவே இது வெறும் ஆர்வக் கேள்வி இல்லை. 2013இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கிருபா வாரணாசியின் குழு இதற்கு வழி கண்டது. நீர்விலக்கும் பரப்பில் மெல்லிய வரப்பு ஒன்றை எழுப்பினார்கள். அதன்மேல் விழும் துளி ஒரே சீராகச் சுருங்காமல் வரப்பை ஒட்டி வேகமாகப் பிரிந்து, சீக்கிரம் எழும்பியது. மார்ஃபோ வண்ணத்துப்பூச்சியின் சிறகு நரம்புகளும் நஸ்டர்ஷியம் இலையின் நரம்புகளும் இதே வேலையைச் செய்வதையும் அவர்கள் காட்டினார்கள். அடுத்த ஆண்டே ஹாங்காங்கில் ஒரு குழு, துளி சுருங்குவதற்குக் காத்திராமல் தட்டையாக இருக்கும்போதே எழும்பிவிடும் பரப்பை உருவாக்கியது. அங்கே தொடும் நேரம் நான்கில் ஒன்றாகக் குறைந்தது.

இதுவரை வெற்றிகளைச் சொன்னேன். காற்றுக்கு எதிரிகளும் உண்டு. அவற்றைப் புரிந்துகொண்டால்தான் இந்தத் துறையின் உண்மையான உழைப்பு விளங்கும்.

முதல் எதிரி நீராவி. சொட்டு மேலிருந்து வந்தால் காற்று தடுக்கும். ஆவி காற்றோடு கலந்து பள்ளத்துக்குள்ளேயே போய், அங்கே குளிர்ந்து நீராகிறது. 2005இல் தாமரை இலையையே இந்தச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். ஆவியை அதன்மேல் குளிரவைத்தபோது உண்டான துளிகள் உருளாமல் ஒட்டிக்கொண்டன. இதற்கும் மாற்று கிடைத்தது. இடைவெளிகள் மிக நுண்ணியதாக இருந்தால், ஆவியில் பிறந்த இரண்டு குட்டித் துளிகள் சேரும்போது பரப்பைவிட்டுத் தாமாகவே தாவுகின்றன. 2009இல் அமெரிக்காவில் போரெய்கோ, சென் இருவரும் இதைப் பதிவுசெய்தார்கள். காரணம் எளிது: சம அளவுள்ள இரண்டு துளிகள் ஒன்றானால் மொத்தப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது, மிச்சமான ஆற்றலில் ஒரு பகுதி துளியை உந்தித் தள்ளுகிறது. சில்வண்டின் சிறகு இப்படித்தான் தன்னைத் தூய்மை செய்துகொள்கிறது என்று பின்னர் தெரிந்தது.

இரண்டாவது எதிரி எண்ணெய். அதன் பரப்பு இழுவிசை நீருடையதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். மெழுகையும் டெஃப்லானையும்கூட அது நனைக்கும். இலையில் எண்ணெய் பட்டால் உடனே பள்ளங்களில் இறங்கிவிடும். இதைத் தடுக்க 2007இல் எம்.ஐ.டி.யில் மெக்கின்லி, கோஹென், துதேஜா முதலியோர் ஒரு வடிவத்தைக் காட்டினார்கள். மேடுகள் நேராக நிற்காமல், தலை அகன்று கீழே உள்வாங்கி, காளான் குடை வடிவில் இருக்க வேண்டும். கீழே இறங்கப் பார்க்கும் திரவம் குடையின் விளிம்பிலேயே தடைபட்டு நிற்கும். 2014இல் கலிஃபோர்னியாவில் லியூ, கிம் இருவரும் இன்னும் ஒருபடி போனார்கள். குடை விளிம்பு மீண்டும் ஒருமுறை கீழ்நோக்கி மடங்கிய நுண் ஆணிகளைச் சிலிக்காவில் செய்தார்கள். சிலிக்கா என்பது கண்ணாடிக்கு மூலப்பொருள். பெரும்பாலான திரவங்கள் அதை நனைக்கும். எந்தப் பூச்சும் பூசாத அந்தச் சிலிக்கா, நீரையும் எண்ணெயையும், அவற்றைவிட எளிதில் பரவும் ஃபுளூரோகார்பன் திரவத்தையும் விலக்கியது. என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையின் மிகப் பெரிய சான்று இதுதான். வடிவம் சரியாக அமைந்தால் வேதியியலின் துணையே வேண்டியதில்லை.

மனிதர்களுக்கு முன்பே இந்த விளிம்பை ஓர் உயிர் கண்டுகொண்டிருக்கிறது. ஈர மண்ணில் வாழும் ஸ்பிரிங்டெயில் என்ற சிற்றுயிர்களில் பெரும்பாலானவை தோலால் மூச்சு விடுபவை. மழை வந்து மண்துளைகள் நிரம்பினால் மூழ்கிப் போக வேண்டியவை. அவற்றின் தோலில் விளிம்பு புடைத்த நுண்வலை இருக்கிறது. நீரில் மூழ்கினாலும் உடலைச் சுற்றிக் காற்று தங்குகிறது. தாமரையிடம் கண்ட அதே மூச்சுத் தேவை இங்கும் வடிவத்தைச் செதுக்கியிருக்கிறது.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று நெல். நெல்லிலையின் நுண்மேடுகள் நீளவாக்கில் வரிசையாக அமைந்திருப்பதால், சொட்டு இலையின் நீளத்தில் எளிதாக ஓடும், குறுக்கே அவ்வளவு எளிதாக ஓடாது. பயிர் முழுக்க வெள்ளத்தில் மூழ்கும்போது அந்த இலை இன்னொரு வேலை செய்கிறது: தன்மேல் ஒரு மெல்லிய காற்றுப் படலத்தைப் பிடித்துக்கொண்டே மூழ்குகிறது. நீருக்கடியில் இலை வெள்ளியாக மின்னுவது அந்தப் படலத்தால்தான். பெடர்சன், கோல்மர் முதலிய ஆய்வாளர்கள் 2009இல் இந்தப் படலத்தின் மதிப்பைச் சோதித்தார்கள். படலம் உள்ள பயிரில் இலைவழி வாயுப் பரிமாற்றம் நன்றாக நடந்தது, வேருக்கும் உயிர்வளி கிடைத்தது. படலத்தை நீக்கிய பயிர் தளர்ந்தது. 2018இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இலைமெழுகோடு தொடர்புள்ள மரபணு ஒன்றை அடையாளம் கண்டு, அது பழுதான பயிரில் இலை நனைந்துபோவதையும் காற்றுப் படலம் இல்லாமற்போவதையும் காட்டினார்கள். வடகிழக்குப் பருவமழையில் காவிரிப் படுகையின் சம்பாப் பயிர் மூழ்கும் செய்தியை நாம் ஏறத்தாழ ஆண்டுதோறும் படிக்கிறோம். மூழ்கிய முதல் நாட்களில் அந்தப் பயிருக்கு மூச்சு கொடுப்பது, மைக்ரோமீட்டர்களில் அளக்க வேண்டிய காற்றுதான். நாட்கள் செல்லச் செல்ல இலை நனையத் தொடங்கிப் படலம் மெலிந்து மறைந்துவிடுகிறது. வெள்ளத்தை விரைந்து வடியவைக்க வேண்டும் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

இதே குணம் உழவருக்கு இடையூறாகவும் இருக்கிறது. முட்டைக்கோஸிலும் நெல்லிலும் மருந்தடிக்கும்போது துளிகள் துள்ளித் தரையில் விழுகின்றன. பயிருக்கு வாங்கிய மருந்து மண்ணுக்கும் கால்வாய்க்கும் போகிறது. வேப்பங்கொட்டைக் கரைசலில் சோப்புக் கரைசல் கலந்து அடிப்பதன் காரணம் இதுதான்: சோப்பு பரப்பு இழுவிசையைக் குறைத்து, துளியை இலையில் படரவைக்கிறது. 2000இல் பிரான்சில் வேறொரு வழி கண்டார்கள். நீரில் மிகச் சிறிதளவு நீண்ட சங்கிலி பாலிமரைக் கலந்தால், துளி விரிவதில் மாற்றமில்லை. சுருங்கும் வேகம் மட்டும் தணிந்து, துள்ளல் அடங்கிவிடுகிறது. துள்ளலின் இயற்பியலை அறிந்தவர்களால்தான் அதை நிறுத்தவும் முடிந்தது.

காற்றின் மூன்றாவது எதிரி காலம். நீருக்கடியில் பிடிபட்ட காற்று மெல்ல நீரில் கரைந்துவிடும். இலங்கைக் குளங்களையும் கேரளத்து நீர்நிலைகளையும் மூடித் தொல்லை தரும் சால்வீனியா என்ற மிதக்கும் களை இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. அதன் இலைமுடிகள் முழுவதும் நீரை விலக்குபவை. நுனிகள் மட்டும் நீரை விரும்புபவை. நுனி நீரைப் பற்றிக்கொள்வதால் நீர்ப்பரப்பு அசையாமல் நிற்கிறது, அடியில் உள்ள காற்று நழுவுவதில்லை. பார்ட்லாட் குழு 2010இல் இதை விளக்கியது. கப்பலின் அடிப்பாகத்தில் இத்தகைய காற்றுப் படலம் நின்றால் நீரின் உராய்வு குறையும், எரிபொருள் மிச்சமாகும் என்ற நம்பிக்கையில் ஆய்வுகள் நடக்கின்றன. இலங்கைக்கே உரிய இனம் ஒன்றையும் கொண்ட குடுவைத் தாவரக் குடும்பம் முற்றிலும் வேறு பாதை காட்டுகிறது. அங்கே நுண்பள்ளங்களில் காற்றுக்குப் பதில் ஒரு வழுக்கும் திரவம் நிற்கிறது. 2011இல் ஹார்வர்டில் ஜோவானா ஐசன்பெர்க் குழு அதைப் பின்பற்றி, எண்ணெய் ஊறிய பரப்புகளை உருவாக்கியது.

நான்காவது எதிரி தேய்மானம், எல்லாவற்றிலும் கடியது. காற்றைப் பிடிக்கும் முனைகள் நுண்ணியவை; நுண்ணியவை எளிதில் உடையும். விரலால் ஒருமுறை தேய்த்தால் என் தகட்டின் கரி போய்விடும். தாமரை இலையின் மெழுகும் உராய்ந்தால் போகும். ஆனால் உயிருள்ள இலை மெழுகைத் திரும்பச் சுரந்துகொள்கிறது. சுவரில் பூசிய வண்ணத்துக்கு அந்த வரம் கிடையாது. 2020இல் சீனாவிலும் ஃபின்லாந்திலும் இருந்த ஆய்வாளர்கள் சேர்ந்து ஓர் அமைப்பை வெளியிட்டார்கள். உறுதியான பொருளில் நுண்குழிகளைக் கட்டமாக அமைத்து, மெல்லிய நானோ அடுக்கைக் குழிக்குள் வைத்தார்கள். உராய்வைக் குழியின் வரம்புகள் வாங்கிக்கொள்கின்றன. உள்ளே இருப்பது பிழைக்கிறது.

இங்கே என் மனத்தில் உள்ளதை வெளிப்படையாகச் சொல்கிறேன். மழைச்சட்டை, கூடாரம், கறைபடாத துணி, எண்ணெய் ஊறாத உணவுக் காகிதம் என்று நீரையும் எண்ணெயையும் விலக்க, பல பத்தாண்டுகளாக நாம் எளிய வழியாக ஃபுளூரின் சேர்மங்களை நம்பிவந்தோம். அவற்றின் கரிம–ஃபுளூரின் பிணைப்பு மிக உறுதியானது. அதனாலேயே மண்ணிலும் நீரிலும் அவை சிதைவதில்லை. குடிநீரிலும் மனித ரத்தத்திலும் வந்து சேர்ந்திருக்கின்றன. சிதையாத நச்சுப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2009இல் இவற்றில் ஒரு வகையையும் 2019இல் இன்னொரு வகையையும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. நீர் நம் உடையில் ஒட்டக்கூடாது என்பதற்காக, நீரில் என்றைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒன்றை நாம் கலந்துவிட்டோம். இது எனக்கு ஆழ்ந்த வருத்தம் தருகிறது. ஏனெனில் நீரை விலக்க இலைகள் எவையும் ஃபுளூரினைப் பயன்படுத்தியதில்லை. வாத்திறகில் அது இல்லை. 1944இலேயே கம்பளி ஆய்வாளர்களின் கண்கள் அமைப்பின் பக்கம் திரும்பியிருந்தன. பூசுவது எளிதாக இருந்ததால் உலகம் அமைப்பைக் கவனிக்காமல் பூச்சின் பின்னால் போனது.

அமைப்பின் வழி கடினமானது என்பதை நான் மறைக்கவில்லை. சிலிக்கா ஆணிகளைச் சதுரச் சென்டிமீட்டர் கணக்கில் செய்ய முடிகிறது. சட்டைத் துணிக்கும் சுவருக்கும் மலிவாகச் செய்யும் வழி இன்னும் கைவரவில்லை. ஆனால் திசை தெளிவாகத் தெரிகிறது. மெழுகு, சிலிக்கா, செல்லுலோஸ் போன்ற தீங்கற்ற பொருள்களை எடுத்து, அவற்றின் வடிவத்தில் காற்றைக் காப்பது. அதற்கு முதற்கட்ட ஆய்வுக்கூடம் நம் வயலும் குளமும்தான். பார்ட்லாட் பெரிய கருவியில் தொடங்கினாலும், அவருக்கு வழி திறந்தது எந்த இலை கழுவாமல் தூய்மையாக இருக்கிறது என்ற எளிய கவனிப்பு. சொட்டின் பக்கவாட்டுப் படத்தைக் கைப்பேசியில் எடுத்துக் கோணத்தை அளக்கலாம். எந்தச் சாய்வில் ஓடுகிறது என்று பார்க்கலாம். நீரில் அமிழ்த்தினால் வெள்ளியாக மின்னுகிறதா, எத்தனை நாள் மின்னுகிறது என்று குறித்துவைக்கலாம். இதற்குப் பள்ளி மாணவர்கள் போதும். நம்மிடம் உள்ள மரபு நெல் வகைகளில் எது காற்றுப் படலத்தை நீண்ட நாள் காக்கிறது என்று ஒரு வகுப்பு வரிசையாகக் குறித்துவைத்தால், அது பயிர் ஆய்வாளருக்குப் பயன்படும் தரவு.

வந்திருக்கும் ஆசிரியர்களிடம் அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன். பொருள்களை வாங்கும் எல்லாரிடமும் ஒரு வேண்டுகோள்: நீர் ஒட்டாது என்று விற்கப்படும் எதைப் பார்த்தாலும் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இதில் காற்றைப் பிடித்திருப்பது எது? இது தேய்ந்த பிறகு நீரில் போய்ச் சேர்வது எது? இரண்டாவது கேள்விக்கு நல்ல விடை இல்லாத பொருளை, முதல் கேள்விக்கு எவ்வளவு சிறந்த விடை இருந்தாலும், ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.